எதிர்ப்பக்கம் சுழலும் பூக்கள்

தாமரைச்செல்வியின் இடது கைக்கு முப்பது வயது வரை வேலையே கிடையாது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும், பையைத் தூக்கும், பிள்ளையை இடுப்பில் வைத்தால் அணைத்துக்கொள்ளும். சோறு பிசைவது, எழுதுவது, கோலம் போடுவது, பூ தொடுப்பது எல்லாம் வலது கையின் பாடு. அந்த வலது கையோ எதையும் முகம் சுளித்துக்கொண்டே செய்யும் கை. அவள் போட்ட கோலத்தில் புள்ளி ஒரு பக்கம் போனால் கோடு இன்னொரு பக்கம் போகும்.

பிறவியிலேயே இப்படி ஏற்பாடாகி வந்ததல்ல. வில்லியனூருக்கு மேற்கே, கரும்பும் நெல்லும் போட்ட குடும்பம் அவளுடையது. நான்கு வயதில் அவள் தட்டில் நீட்டியது இடது கையைத்தான். அவளுடைய அம்மா பழைய புடவைக் கிழிசல் ஒன்றை எடுத்து, அந்தக் கையை உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டுச் சோறு வைத்தாள். தினமும் மூன்று வேளை, ஒரு வருஷத்துக்கும் மேலே. அம்மாவைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு அவள் கணக்கு. அறுப்பில் வரிசையாகக் குனிந்து போகும்போது ஒருத்தி மட்டும் கை மாற்றி அறுத்தால் பக்கத்துக்காரியின் கால் போய்விடும். கருக்கரிவாளின் பல்லே வலக்கைக்கென்று வெட்டினதுதான். பீச்சக்கைக்காரிக்கு அரிவாள் அடித்துக் கொடுக்க எந்தக் கொல்லன் உட்கார்ந்திருக்கிறான்? கடைசியில் செல்வி அறுப்புக்கே போகவில்லை, அது வேறு கதை. பள்ளிக்கூடத்தில் அவள் எழுத்தைப் பார்த்த டீச்சர் மந்தம் என்று முடிவு கட்டினார். அவளும் அதை நம்பி ஒன்பதாவதோடு நின்றுகொண்டாள்.

பிறகு அருள்முருகனைக் கட்டிக்கொண்டு மூலக்குளத்துக்கு வந்தாள். அவன் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் லேப் அட்டெண்டர். சத்தம் போடாத மனுஷன். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், பெருக்கித் துடைக்கும் வேலைக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுக் குருசுக்குப்பத்தில் ஜூலி வீட்டுக்குப் போனாள்.

ஜூலிக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். கன்னியர் மடத்தில், கொக்கி ஊசியால் நூல் பின்னும் குரோஷே கற்றவள். வீட்டு மாடி ஹாலில் பத்துப் பெண்களை வைத்துப் பை, மேஜை விரிப்பு, குழந்தைச் சட்டை என்று போட்டுக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேச்செல்லாம் நம் பேச்சுதான். கண்ணிகளை எண்ணும்போது மட்டும் அன், தெ, த்ருவா என்று சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வாயில் வரும். மாடிக்கு வந்து ஒரு மாசம் ஆனால் எல்லாப் பெண்களும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

ஒருநாள் மத்தியானம் ஹாலைத் துடைக்கும்போது யாரோ விட்டுப்போன கொக்கி ஊசியைச் செல்வி எடுத்துப் பார்த்தாள். அவள் வீட்டில் யாருக்கும் குரோஷே தெரியாது. இதை எந்தக் கையால் செய்யவேண்டும் என்று அவளுக்கு அதுவரை ஒருத்தரும் சட்டம் போட்டிருக்கவில்லை. கேட்பாரில்லாத வேலை என்று தெரிந்ததும் இடது கை தானாகப் போய் ஊசியை வாங்கிக்கொண்டது. அன்று முதல் துடைத்து முடித்ததும் ஜூலிக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் பார்ப்பதுபோல அவள் வலது கை செய்ததையெல்லாம் இவள் இடது கையால் செய்தாள். ஒரு வாரத்தில் துடைப்பத்தை வேறொருத்திக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஜூலி கையைப் பார்த்தாள், வேலையைப் பார்த்தாள்.

"வேல நல்லா இருக்குல்ல, அவ்ளோதான் எனக்கு," என்றாள்.

செல்விக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மந்தம் என்று பெயர் வாங்கினவள் ஒரு மணி நேரத்தில் ஒரு பூ போட்டாள், அதுவும் ஊரே பார்க்கும்படி. கை வலிக்கவில்லை. முகம் சுளிக்கவில்லை. தன் உடம்பில் இப்படி ஒரு கெட்டிக்காரி முப்பது வருஷம் சும்மா உட்கார்ந்திருந்தாளே என்று அவளுக்கே ஆச்சரியம்.

மாடியில் அவளைச் சும்மா விடாத ஒரே ஆள் வீராயி. அரும்பார்த்தபுரத்துக்காரி, இப்போது அறுபத்து மூன்று வயது, புருஷன் போய்ப் பல வருஷம் ஆகிறது, மகனோடு இருக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம்.

"சோத்துக்கை மரத்துப்போச்சாடி ஒனக்கு?" என்று ஆரம்பிப்பாள். நூல் உருண்டையைச் செல்வி இடது கையால் நீட்டினால் வாங்கமாட்டாள். "அந்தக் கைக்கு மாத்திக் குடு" என்று சொல்லிவிட்டு மாற்றும்வரை காத்திருப்பாள். பதினாறு வருஷமாக இது நடக்கிறது. செல்வி ஹாலில் சிரித்து மழுப்பிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பாத்திரத்தைப் போட்டு உருட்டுவாள்.

வீராயி ஹாலில் ஊசி பிடிப்பதே அபூர்வம். நூல் சுற்றுவாள், முடித்த துணியை அலசிக் காயப்போடுவாள். "கூட்டத்துல எனக்குக் கை ஓடாது" என்பாள். வீட்டில் போட்டு வெள்ளிக்கிழமை கொண்டுவருவாள். செல்விக்கு அடுத்தபடி அத்தனை சீரான கண்ணி அவளுடையதுதான், அதில் யாருக்கும் பேச்சில்லை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து ஒயிட் டவுனில் ஒரு விடுதிக்காரர் ஆறு படுக்கை விரிப்புகள் கேட்டார். பூப்போட்ட கிரானி ஸ்கொயர்தான் வேண்டும் என்றார். பெண்கள் வாயில் அது பூக்கட்டம் ஆயிற்று. நடுவில் எட்டு இதழ், ஒவ்வொன்றும் அடுத்ததன்மேல் பாதி ஏறி, நந்தியாவட்டைபோலச் சுழன்று நிற்கும். அதைச் சுற்றிப் பச்சை இலை, வெளியே வெள்ளையில் நான்கு மூலை. ஒரு விரிப்புக்கு எண்பத்தெட்டுக் கட்டம். அதுவரை ஒவ்வொருத்தியும் ஒரு சாமானை முழுசாகத் தானே போட்டு முடிப்பது வழக்கம். பத்துக் கையின் வேலையை ஒன்றாகச் சேர்ப்பது இதுதான் முதல் தடவை. யாருடையது எது என்று தெரிய, ஆளுக்கொரு கலரில் ஓரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். செல்விக்கு ஊதா, வீராயிக்குப் பச்சை.

முதல் எண்பத்தெட்டு வந்த வெள்ளிக்கிழமை, ஜூலி தரையெல்லாம் பரப்பி, நாற்காலிமேல் ஏறி நின்று போனில் படம் எடுத்தாள். எடுத்ததைப் பார்த்துவிட்டு இறங்காமல் நின்றாள்.

"என்னமோ கண்ண உறுத்துது. இந்தப் பூல்லாம் பாரு, எதிர்ப்பக்கம் சுத்துது."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பளிச்சென்று தெரிந்தது. பெரும்பாலான பூக்கள் ஒரு பக்கம் சுழல, அங்கங்கே சில பூக்கள் முறைத்துக்கொண்டதுபோல மறுபக்கம் திரும்பியிருந்தன. எல்லார் கண்ணும் செல்வியின் இடது கைக்கு வந்தது. அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். நாற்பத்தாறு வயசில் அப்படிச் செய்தோமே என்று பிறகு வெட்கப்பட்டாள்.

ஜூலி நல்லவள், ஆனால் ஆர்டர் ஆர்டர்தான். எதிர்ப்பூக்களையெல்லாம் பொறுக்கி ஒரு துணிப்பையில் போட்டாள்.

"தப்பா எடுத்துக்காத செல்வி. ஒண்ணா சேத்தா ஒத்து வரல. இதெல்லாம் பிரிச்சு நூலச் சுத்தி வெச்சிடு. வலது கைல போட்டுப் பாரு. வரலன்னா இந்த ஆர்டர் முடியற வரைக்கும் அலசுற வேல, இஸ்திரி வேல பாத்துக்க. பரவால்லியா?"

"சரிக்கா," என்றாள் செல்வி. வேறென்ன சொல்வது?

சனிக்கிழமை காலை வீட்டில் உட்கார்ந்து வலது கையில் ஊசியைப் பிடித்தாள். கட்டைவிரல் மரக்கட்டையாக நின்றது. நூல் வழுக்கியது. அரைமணி நேரத்தில் வந்தது ஒரு பூ அல்ல, எலி கடித்த துணி. அவளுக்கு ஒன்றாம் வகுப்புப் பலகை ஞாபகம் வந்தது, டீச்சரின் பெருமூச்சு ஞாபகம் வந்தது. அருள்முருகன் எட்டிப் பார்த்தான்.

"ஒரு ஆர்டர்தான, வுடு. அடுத்தது வந்தா போட்டுக்க."

"ஒங்களுக்குப் புரியாது."

அவனுக்குப் புரியாதுதான். ஆர்டர் போனால் போகட்டும். தன் சொந்தக் கையோடு அவள் உட்கார இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு இடம். அங்கேயும் அந்தக் கையைக் கட்டிப்போடச் சொல்கிறார்களே என்பதுதான் அவள் துக்கம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்த கட்டங்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். இரண்டு பிரித்தாள். மூன்றாவதை எடுத்தபோது ஓரத்தில் வீராயியின் பச்சை முடிச்சு இருந்தது. ஜூலி அவசரத்தில் கை மாறிப் போட்டுவிட்டாள் என்று நினைத்து ஒதுக்கி வைத்தாள். அடுத்ததும் பச்சை. பையைத் தரையில் கவிழ்த்தாள். ஊதா முடிச்சில் அவளுடையது பதினான்கு, பச்சை முடிச்சில் ஒன்பது. ஒன்பதும் எதிர்ப்பக்கம் சுழலும் பூக்கள்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது ஆத்திரம். எதிர்ப்பூ என்றாலே செல்விதான் என்று ஜூலி முடிச்சைக்கூடப் பார்க்காமல் அள்ளிப் போட்டிருக்கிறாள். வாய் ஓயாத வீராயி நேற்று முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் நூல் சுற்றிக்கொண்டிருந்ததும் இப்போதுதான் உறைத்தது. பதினாறு வருஷம்! 'சோத்துக்கை மரத்துப்போச்சாடி!' கையை ஒளிக்கத் தெரிந்தவளுக்குப் பூ காட்டிக்கொடுக்கும் என்று தெரியவில்லை. ஒன்பதையும் பையில் போட்டுக்கொண்டு செல்வி கிளம்பினாள். அரும்பார்த்தபுரம் நடந்து போகும் தூரம்தான். வழியெல்லாம் கேட்கவேண்டியதை மனசுக்குள் வரிசையாக அடுக்கிக்கொண்டு போனாள்.

கதவு வெறுமனே சாத்தியிருந்தது, தள்ளியதும் திறந்துகொண்டது. உள்ளே ஜன்னல் வெளிச்சத்தில் வீராயி உட்கார்ந்திருந்தாள், ஊசி இடது கையில். என்ன வேகம்! கண் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ இருக்க, கை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. முகத்தில் அந்தக் கடுகடுப்பு இல்லை. பதினாறு வருஷத்தில் செல்வி பார்த்திராத முகம் அது.

"பெரிம்மா," என்றாள்.

ஊசி ஒரு துள்ளுத் துள்ளி வலது கைக்குப் போயிற்று. திருட்டுத் தின்பண்டத்தோடு பிடிபட்ட குழந்தை மாதிரி வீராயி விழித்தாள். அடுக்கி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றும் செல்வியின் வாய்க்கு வரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பச்சை முடிச்சுகள் வெளியே தெரிந்தன.

வீராயி ஒரு முடிச்சை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"கல்யாணம் ஆயி மூணாம் நாளு," என்று தானாக ஆரம்பித்தாள். "சொந்தக்காரங்கல்லாம் எலயில ஒக்காந்துருக்காங்க. பதட்டத்துல இந்தக் கையால கரண்டியப் புடிச்சிட்டேன். எங்க மாமனாரு ஒண்ணுமே சொல்லல. எலயிலேருந்து எழுந்து போயிட்டாரு. அவரு பின்னாலயே அத்தன பேரும் எழுந்துட்டாங்க. போட்ட சோறு அப்படியே கெடந்துச்சு. அன்னிக்கி ஒளிச்ச கைடி இது. எங்க வீட்டுக்காரரு சாவுற வரைக்கும், பதட்டத்துல மாத்திட்டன்னுதான் நெனச்சிட்டிருந்தாரு."

"அப்பறம் ஏன் என்ன மட்டும் அந்தப் பேச்சுப் பேசுனீங்க?"

"வயித்தெரிச்சல்டி. வேற என்ன? நீ வந்து நடுஹால்ல ஒக்காந்து அந்தக் கையால போடற. ஒருத்தி ஒண்ணு கேக்கல. ஜூலி வேற பாராட்டுறா. எனக்கு எப்படி இருக்கும்? நீ போடறதப் பாத்துதான் வீட்ல வந்து கை மாத்திப் போட்டுப் பாத்தேன். மவன் வேலைக்குப் போனப்பறம், கதவச் சாத்திக்கிட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "சொல்லிடுவியா?"

செல்விக்குக் கோபம் தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். பாதி தீர்ந்தது. மீதிப் பாதி எங்கே போவது என்று தெரியாமல் அவளுக்குள்ளேயே நின்றது.

"எனக்கென்ன வந்துது," என்று எழுந்தாள். ஒன்பது கட்டங்களையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

திரும்பி நடக்கும்போதுதான் அந்த யோசனை வந்தது. ரொம்பச் சின்ன யோசனை, பத்துப் பேர் கூடி நின்றும் ஒருத்திக்கும் தோன்றாதது. திங்கட்கிழமை ஹாலில் எல்லார் முன்னாலும் சொன்னாள்.

"அக்கா, ஆறு விரிப்புல ஒண்ணு முழுசா நானே போடறேன். எண்பத்தெட்டும் ஒரே பக்கமாத்தான சுத்தும்? யாரு கண்ண உறுத்தப்போவுது?"

ஜூலி நெற்றியில் தட்டிக்கொண்டாள். பிறகு காலண்டரைப் பார்த்தாள். "ஈஸ்டருக்கு முன்னாடி குடுக்கணுமே. தனி ஆளா முடியுமா செல்வி? கட்டம் மட்டும் இல்ல, இணைக்கணும், ஓரம் கட்டணும்."

"முடியாதுக்கா," என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. செல்விக்கும் அது தெரியும். ஆனால் வலது கையால் ஒரு பூகூட வராது, இதையும் விட்டால் இஸ்திரிப்பெட்டிதான். "எப்படியாச்சும் போட்டுடறேன்," என்றாள். வீராயி பக்கம் மட்டும் அவள் திரும்பவே இல்லை.

நூல் உருண்டை ஒன்று தரையில் வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"ரெண்டு பேரு போட்டா முடியும்," என்றாள் வீராயி.

"நீங்க போட்டா பூ இந்தப் பக்கமால்ல சுத்தும் வீராயிம்மா," என்று ஜூலி சிரித்தாள்.

வீராயி எதிரே கிடந்த ஊசியை இடது கையால் எடுத்தாள். சங்கிலிக் கண்ணி போட்டு வளையம் கட்டினாள். முதல் இதழ் ஆரம்பித்தபோது நூல் இரண்டு தரம் நழுவியது. அன், தெ, த்ருவா என்று அவள் முணுமுணுப்பது எல்லோருக்கும் கேட்டது. எட்டாவது இதழ் முடிந்ததும் பூவைத் தரையில் வைத்தாள். அது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

செல்வி தன் பாயை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது. இரண்டு நாள் கிசுகிசுத்தார்கள், மூன்றாம் நாள் அவரவர் கண்ணி அவரவருக்கு. ஆனால் வீராயிக்கு நாற்பது வருஷப் பழக்கம் லேசில் விடவில்லை. வெளிக்கேட் சத்தம் கேட்டால் போதும், ஊசி தானாக வலது கைக்குத் தாவிவிடும். "தபால்காரருதான் பெரிம்மா," என்பாள் செல்வி. ஊசி திரும்பி வரும். இப்படியே மாசி போய்ப் பங்குனி வந்தது.

கொடுக்கவேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் மற்ற ஐந்து விரிப்புகளும் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. இவர்களுடையதில் கடைசி ஓரம் மட்டும் பாக்கி. வீராயியின் மகன் விஜய் வெள்ளிக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வந்து அம்மாவைக் கூட்டிப்போவான். நாற்பது வயது எலெக்ட்ரீஷியன். மாடிக்கு வருகிற பழக்கமில்லை, கீழே நின்று ஹாரன் அடிப்பதோடு சரி. அன்றைக்கு மூட்டையை இறக்க ஆள் இல்லாமல் ஜூலியே அவனை மேலே கூப்பிட்டுவிட்டாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்ததால் சத்தமில்லை. மடி நிறையப் பூக்களோடு ஓரம் கட்டிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து வாசலிலேயே நின்றான்.

"அம்மா."

வீராயி நிமிர்ந்தாள். ஊசி இருந்த கையிலேயே இருந்தது. மாற்ற மறந்துவிட்டாளோ, மாற்ற வேண்டாம் என்று விட்டாளோ, செல்விக்குச் சொல்லத் தெரியவில்லை.

"நீ பீச்சக்கையா?"

"ஆமாண்டா."

"எப்பலேருந்து?"

"பொறந்ததுலேருந்துதான்."

அவன் சட்டைக் கையை மேலே தள்ளி இடது மணிக்கட்டைப் பார்த்தான். விரல் நீளத்துக்கு அங்கே ஒரு தழும்பு வெளுத்துப்போய் இருந்தது.

"அப்ப இந்தக் கைய நீட்டுனதுக்கு எனக்கு ஏம்மா கரண்டியக் காய வெச்சு சூடு போட்ட?"

ஹாலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் குனிந்துகொண்டார்கள். செல்வி மட்டும் குனியவில்லை. இலையிலிருந்து எழுந்துபோன அந்த மாமனாரைப் பற்றி இவனுக்கு யாராவது சொல்லவேண்டும் என்று வாய் துடித்தது. அதே சமயம், அந்தத் தழும்புக்காரன் பக்கம் போய் நிற்கவேண்டும்போலவும் இருந்தது.

"என் இந்தக் கையப் பாத்து ஒங்க தாத்தா எலயிலேருந்து எழுந்துபோன மாதிரி ஒன்ன உட்டுட்டு எவனும் எழுந்து போயிடக் கூடாதுன்னுதான்டா," என்றாள் வீராயி. "அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

"என்ன உட்டுட்டு எவனும் போவலம்மா," என்றான் விஜய். குரலை உயர்த்தவில்லை. "எனக்கு அஞ்சு வயசு. நான் பயந்தது ஒன்னப் பாத்துதான்."

வீராயி என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கும் வாய் அது. கடைசியில், "ஆமாண்டா. நாந்தான்," என்றாள்.

விஜய் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டான். "கீழ இருக்கேன், வா," என்று சொல்லிவிட்டு இறங்கினான். கோபத்தில் சொன்னானா, வேறெப்படிச் சொன்னானா என்று யாருக்கும் பிடிபடவில்லை. வீராயி விரிப்பைத் தூக்கிச் செல்வியின் மடியில் வைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மகன் பின்னால் படியிறங்கினாள்.

ஓரத்தில் இன்னும் ஒரு முழம் பாக்கி இருந்தது. செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீராயி விட்ட கண்ணியிலிருந்து எடுத்துப் போட ஆரம்பித்தாள்.